பழைய காசுக்குப் புளி வேண்டாம்

நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் அண்மைக் காலமாக மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகம் காட்டும் கருவியை வாங்கி வைத்திருக்கிறார்கள். சந்தாபுராவைச் சுற்றிப் புதிதாக அஸ்திவாரம் தோண்டும் மனைகளிலும், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் தாத்தாவின் தோட்டத்திலும் அதைக் கொண்டு துழாவுகிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் பாட்டில் மூடியும் துருப்பிடித்த ஆணியும்தான். எப்போதாவது ஒரு செப்புக்காசு அகப்பட்டுவிட்டால், அது நேரே சமையலறைக்குப் போகிறது. புளி, உப்பு, விளக்குத் துலக்கும் பொடி, பழைய டூத் பிரஷ். அரை மணி நேரத்தில் காசு நேற்று அச்சடித்ததுபோல் பளபளக்கிறது. "அங்கிள், எந்த ராஜா காலத்துக் காசு என்று சொல்லுங்கள்" என்று என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். சொல்வதற்கு அதில் ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. இப்படி வந்த காசுகளைப் பார்த்த வருத்தத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. கீழே இருக்கும் வட்டத் தட்டுக்குள் செப்புக்கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறுமின்சாரம் ஓடும்போது மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் இறங்குகிறது. அந்தப் புலத்தில் உலோகம் குறுக்கிட்டால் அதனுள் சுழல் மின்னோட்டம் பிறந்து, புலத்தைச் சற்றே கலைக்கிறது. கருவி அந்தக் கலக்கத்தைக் கண்டு ஒலி எழுப்புகிறது. ரயில்வேயில் தண்டவாளத்தின் ஓரத்தில் ஆக்சில் கவுண்டர் என்று ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். கடந்து போகும் ஒவ்வொரு சக்கரத்தையும் அது எண்ணுவதும் ஏறக்குறைய இதே தத்துவத்தில்தான். ஆகவே கருவியில் மாயம் எதுவும் இல்லை. அது உலோகம் இருப்பதைச் சொல்லும், அவ்வளவே. அந்த உலோகம் யாருடையது, எப்போதையது என்பதைக் காசின் முகம்தான் சொல்ல வேண்டும்.

பெங்களூரில் அப்படி என்ன கிடைத்துவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். 1891ல் யஷ்வந்தபுரத்தில் ரயில் பாதைக்காக மண் வெட்டியபோது 163 ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. மண்வெட்டி பிடித்த அந்த ரயில்வே கூலிக்காரர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது. பிறகு 1965ல் எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில் இன்னும் 256 காசுகள் வெளிவந்தன. அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் ஆகிய ரோமப் பேரரசர்களின் காசுகள் இந்தக் குவியல்களில் இருந்தன. கெம்பேகவுடா கோட்டை கட்டுவதற்கு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மேட்டு நிலத்தின் வழியாக ரோமாபுரியின் வெள்ளி புழங்கியது என்பதற்கு இந்தக் காசுகளே சாட்சி. காசில் பேரரசரின் தலையும் பெயரும் படிக்கும்படி இருந்ததால்தான் அவை சாட்சி ஆயின. தேய்த்து வழவழப்பாக்கியிருந்தால் அவை வெறும் வெள்ளி வில்லைகள். எடைக்கு எடை விலை பேசலாம், வேறொன்றும் தெரிந்திருக்காது.

நம் ஊர்ப்பக்கம் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. சங்க காலத்து மூவேந்தர்கள் சொந்தமாகக் காசு வெளியிட்டார்களா என்பதே நெடுங்காலம் சந்தேகமாக இருந்தது. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் (2021ல் காலமானார்) அழுக்கும் களிம்பும் மூடிய சின்னஞ்சிறு காசுகளைப் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்துப் படித்தவர். 1980களில் 'பெருவழுதி' என்று தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பாண்டியர் செப்புக்காசை அவர் வெளிப்படுத்தினார். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களிடம் கிடைத்த காசுகளில் 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்ற சேரர் பெயர்கள் தெரிந்தன. பாட்டில் மட்டும் இருந்த குடிப்பெயர்கள் உலோகத்திலும் கிடைத்தன. அந்த எழுத்துகள் காசின் மேல் எவ்வளவு உயரம் எழும்பி நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? தடித்த காகிதத்தின் கனம்கூட இராது. புளிக்கும் பிரஷுக்கும் அது ஐந்து நிமிட வேலை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். களிம்பு என்றால் என்ன? செம்பின் மேல் வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படியல்ல, செம்பே மாறித்தான் களிம்பாகிறது. சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள், அது கூடவே பிறந்தது என்பதற்காக. வேதியியலும் அந்த உவமைக்குப் பெரிதாக மறுப்புச் சொல்லாது. மண்ணுக்குள் கிடக்கும் காசின் மேல்தோலில் உள்ள செம்பு, ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து முதலில் சிவப்பு ஆக்சைடாகவும் அதன் மேல் பச்சைக் கார்பனேட்டாகவும் மாறுகிறது. மெதுவாக, நூற்றாண்டுக் கணக்கில் மாறும்போது, எழுத்தும் உருவமும் அந்தந்த இடத்திலேயே தாதுவாக உறைந்துவிடுகின்றன. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் திருவக்கரையில் கல்மரங்களைப் பார்த்திருப்பீர்கள். மரம் எப்போதோ போய்விட்டது. ஆனால் மரத்தின் வரிகள் கல்லில் இருக்கின்றன. அந்தக் கல்லைக் கரைத்துவிட்டு உள்ளே மரத்தைத் தேடினால் என்ன கிடைக்கும்? பழைய செப்புக்காசின் கதையும் அதுதான். பல காசுகளில் அசல் முகம் இருப்பது களிம்புக்குள்தான். அடியில் உள்ள செம்பு குண்டும் குழியுமாக அரித்துக் கிடக்கும்.

புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. எலுமிச்சை, வினிகர், தக்காளி, சிலர் ஊறவைக்கும் கோலா பானம் எல்லாமே அமிலங்கள்தாம். அமிலம் முதலில் கரைப்பது களிம்பை, அதாவது எழுத்து இருக்கும் அந்தத் தோலை. உப்பைச் சேர்த்தால் வேலை இன்னும் துரிதமாகும். கூடவே ஒரு வினையையும் கொண்டுவரும். உப்பிலுள்ள குளோரைடு காசின் நுண்துளைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. குத்துவிளக்குக்கு இதனால் கெடுதல் இல்லை. அது கனத்த, திடமான உலோகம். வெள்ளிக்கிழமைதோறும் துலக்கி, நன்றாக அலசி, துடைத்து வைக்கிறோம். மண்ணில் பல நூறு வருடம் கிடந்த காசு பஞ்சுபோல் துளைபட்டது. அலசினால் உள்ளே போனது வெளியே வராது.

அந்தக் குளோரைடு செய்யும் வேலைக்கு அருங்காட்சியகத்தார் 'வெண்கல நோய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நோய் என்றது பொருத்தமான பெயர்தான். செம்பும் குளோரைடும் சேர்ந்த உப்பு, காற்றின் ஈரத்தையும் ஆக்ஸிஜனையும் எடுத்துக்கொண்டு வெளிர்பச்சைப் பொடியாக மாறுகிறது. மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்குகிறது. அந்த அமிலம் பக்கத்திலுள்ள நல்ல செம்பை அரித்து மறுபடி அதே உப்பை உண்டாக்குகிறது. சக்கரம் நிற்காமல் சுற்றுகிறது. ஆடி ஆவணி மழையில் அலமாரிக்குள் வைத்த காசு, தீபாவளிக்கு எடுத்துப் பார்க்கும்போது விளிம்பில் பொடி உதிர்ந்து குழி விழுந்திருப்பது இதனால்தான்.

நல்ல களிம்பையும் நோயையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். கரும்பச்சையோ பழுப்போ கறுப்போ, வழவழப்பாகக் கெட்டியாக இருந்தால் அது காசுக்குப் போர்த்திய சட்டை, கைவைக்கக் கூடாது. வெளிர்பச்சையாக, மாவுபோல, குச்சியால் தொட்டால் உதிர்ந்தால் அது நோய். சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். மூடி இறுகும் டப்பாவில் ஈரப் பஞ்சு ஒன்றை வைத்து, காசு அதன் மேல் படாமல் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடியின் மேல் வைத்து ஒன்றிரண்டு நாள் மூடிவையுங்கள். புதிதாக வெளிர்பச்சைப் புள்ளிகள் கிளம்பினால் குளோரைடு உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

இந்த இடத்தில் நம் சந்தாபுரா ஏரியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. அதில் கழிவு கலந்ததற்காக 2022ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் விதித்தது பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட சேற்றில் கிடந்த உலோகம் கந்தகத்தால் கறுத்திருக்கும், குளோரைடையும் குடித்திருக்கும். பிள்ளைகள் அந்தக் கரையில் வெறுங்கையால் துழாவுவதை நிறுத்துவது காசுக்காக மட்டுமல்ல, அவர்கள் உடம்புக்காகவும்தான்.

சரி, என்னதான் செய்யலாம்? கிடைத்த இடத்திலேயே கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கும் ஆசையை முதலில் அடக்க வேண்டும். ஒட்டியிருக்கும் மண்ணில் மணல் துகள் இருக்கிறது. மணல் செம்பைவிடக் கடினமானது. விரலால் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். மண்ணோடு காகித உறையில் போட்டு, எந்த இடம், எவ்வளவு ஆழம், என்ன தேதி என்று உறையின் மேல் எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரு பக்கமும் படம் எடுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைக் காசுக்குப் பக்கவாட்டில், தரையோடு தரையாகப் பிடித்துப் பாருங்கள். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் சின்ன மேடும் நிழல் காட்டும். தண்டவாள முனைகளில் மயிரிழை விரிசல் தேடும்போது நாங்கள் கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம், அதே உத்திதான். நாலைந்து கோணங்களில் படம் எடுத்தாலே, சுத்தம் செய்யாமலே, எழுத்துப் பாதி படித்துவிடலாம். பல காசுகளுக்கு இதோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

மண் அப்பிக்கொண்டு ஒன்றுமே தெரியவில்லை என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடுங்கள். பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று கடையில் விற்கும் தண்ணீர் போதும். அமிலம் கலந்ததை வாங்கிவிடக் கூடாது. நம் பகுதியில் குழாயில் வருவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர் அல்லது டேங்கர் தண்ணீர். அதில் சுண்ணாம்பும் குளோரைடும் உண்டு, அது கூடாது. சில நாளைக்கு ஒருமுறை நீரை மாற்றி, மண் இளகியதும் தென்னை ஈர்க்குச்சியை நறுக்கிக் கூராக்கி, பூதக்கண்ணாடி வழியே பார்த்தபடி மண்ணை மட்டும் தள்ளுங்கள். ஊசி, பிளேடு, கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். மண் எங்கே முடிகிறது, களிம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். வாரங்கள் ஆகலாம், ஆகட்டும். பிறகு மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, மேசை விளக்கின் இளஞ்சூட்டில் உலர்த்துங்கள்.

வெளிநாட்டில் இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் போட்டு வைப்பார்கள். நம் வீட்டில் தேங்காய் எண்ணெய் ஆகாதா என்று ஒரு மாமி கேட்டார். எண்ணெய்களில் கொழுப்பு அமிலம் உண்டு. அது மெதுவாகச் செம்பைத் தின்று, எண்ணெயையே பச்சையாக்கிவிடும். இரண்டுமே வேண்டாம்.

இன்னொன்று, மொபைல் சார்ஜரை அறுத்து, உப்பு நீரில் காசைத் தொங்கவிட்டு மின்பகுப்பு செய்வது. இது பையன்களுக்கு மிகவும் பிடிக்கிறது. குமிழி வருகிறது அல்லவா! உப்பு நீரை மின்பகுத்தால் குளோரின் வாயு வரும். எவர்சில்வர் கரண்டியை மறுமுனையாக வைத்தால் நச்சான குரோமியம் நீரில் கலக்கும். களிம்பு முழுவதும் உரிந்து, பொத்தல் விழுந்த செம்பு மிஞ்சும். மின்பகுப்பு கெட்ட முறை என்று நான் சொல்லவில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930ல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில், எஸ். பரமசிவன் என்ற அறிஞர் நோய் பிடித்த செப்புத் திருமேனிகளை இந்த முறையால்தான் மீட்டார். ஆனால் அவர் மின்னோட்டத்தை அளந்து, நாட்கணக்கில் கூடவே இருந்து செய்தார். வெண்கல நோய்க்கான மற்ற மருந்துகளும் அப்படித்தான். சலவை சோடாவும் சமையல் சோடாவும் கலந்த கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்துக் குளோரைடை இழுப்பார்கள். பென்சோடிரையசோல் என்ற வேதிப்பொருளால் மேல்பூச்சுப் பூசுவார்கள். முன்னது களிம்பின் நிறத்தையே மாற்றிவிடக்கூடும். பின்னது கையாளுபவர் உடம்புக்கு ஆகாது. அவற்றை ஆய்வுக்கூடத்துக்கு விட்டுவிடுவோம். வீட்டில் நாம் செய்யக்கூடியது நோய் கண்ட காசைத் தனியே பிரித்து உலர வைப்பது. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தச் சக்கரம் சுற்றாது. காலணிப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாதீர்கள்.

வெள்ளிக்குச் செம்பைவிடத் தொல்லை குறைவு. கறுப்பு என்பது வெள்ளி சல்பைடு. அலுமினியத் தாள் விரித்து, சமையல் சோடா போட்டு வெந்நீர் ஊற்றினால் அது நொடியில் மறையும். கல்யாண வெள்ளித் தட்டுக்கு அது சரி. பாட்டி முடிந்து வைத்திருந்த விக்டோரியா ரூபாய்க்கு வேண்டாம். 11.66 கிராம் எடையும் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளியும் உள்ள அந்த ரூபாயை, சேகரிப்பவர்கள் இயல்பாகக் கறுத்த நிலையில்தான் விரும்பி வாங்குகிறார்கள். தேய்த்துப் பளபளத்ததைக் கண்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். தங்கத்துக்குக் களிம்பே இல்லை. ஆனாலும் தேய்க்கக் கூடாது, காரணம் இருக்கிறது. 1898ல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்து இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தில் உளியால் வெட்டிய கீறல் உண்டு. யார், ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் வாதிடுவதே அந்தக் கீறலை வைத்துத்தான். நாம் போடும் கீறலும் அதோடு சேர்ந்துவிட்டால் அந்த வாதம் என்னாவது?

கர்நாடகத்தில் சாதவாகனர் காலத்து ஈயக்காசும் கிடைப்பதுண்டு. சித்ரதுர்காவை அடுத்த சந்திரவள்ளி இதற்குப் பேர்போனது. சாம்பல் வெள்ளையாக, கனமாக இருந்தால் ஈயமென்று கொள்ளுங்கள். அதைத் தேய்க்கும் தூசி விஷம். மரப்பெட்டியிலும் அட்டைப் பெட்டியிலும் கசியும் அமில ஆவியே ஈயத்தை அரித்துவிடும்.

நம் பகுதியில் பிள்ளைகளுக்கு அகப்படக்கூடியது பெரும்பாலும் திப்பு சுல்தானின் யானைக்காசு, அல்லது மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்துச் செப்புக்காசு. திப்புவின் காசில் ஒரு பக்கம் யானை. மறுபக்கம் பாரசீக எழுத்தில் அச்சகத்தின் பெயர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடித்ததில் 'பட்டன்' என்றிருக்கும். பிற்காலத்தில் அவர் புது ஆண்டுக்கணக்கைப் புகுத்தியபோது, எண்களையும் வலமிருந்து இடமாகப் படிக்கும்படி பொறித்தார். யானை தடித்த உருவம், தேய்த்தாலும் நிற்கும். ஆண்டும் ஊரும் நிற்காது. அவை போனால் ஒரு யானைக்காசுக்கும் இன்னொரு யானைக்காசுக்கும் வித்தியாசம் இல்லை. இடையே ஓர் எச்சரிக்கை. 1818 என்று ஆண்டு போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி பெயரோடு ராமர் பட்டாபிஷேகம் பொறித்த காசை யாராவது லட்ச ரூபாய் பெறும் என்று விற்க வந்தால் நம்பிவிடாதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை.

பத்திரப்படுத்துவதற்குக் கடையில் விற்கும் மெல்லிய, நெளியும் பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம். அது பி.வி.சி.; நாளடைவில் பிசுபிசுப்பும் அமிலமும் கசிந்து காசில் புதிதாகப் பச்சை ஏற்றும். தனித்தனிக் காகித உறை போதும்; அமிலமில்லாத காகிதம் கிடைத்தால் மிக நல்லது.

கடைசியாகச் சட்டம். பெற்றோர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1878ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எதுவும் புதையல்தான். அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் தமக்குச் சேரும் பங்கு போவதோடு, ஓராண்டு வரை சிறையும் உண்டு. கர்நாடகத்துக்கு 1962ல் இயற்றிய தனிப் புதையல் சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியின்றித் தோண்டுவது தனிக் குற்றம்; கோயில் பக்கம், கோட்டைப் பக்கம் கருவியோடு போகவே வேண்டாம். அடுத்தவர் மனையானால் அவருடைய சம்மதம் வேண்டும். எழும்பூரில் நாம் நின்று வணங்கும் செப்புத் திருமேனிகளில் பல, உழவரோ கொத்தனாரோ மண்ணில் கண்டு, இந்த வழியாகத் தெரிவித்து வந்து சேர்ந்தவைதாம்.

அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்குத் தாத்தா வீட்டுக் காசைப் பெட்டியில் வைத்து அனுப்பும் வழக்கமும் உண்டு. 1972ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. படம் எடுத்து அனுப்பலாம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படமானால் எழுத்தும் தெரியும்.